1992-க்கு முன்னால் பந்தே உருளவில்லையா?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் எர்லிங் ஹாலண்ட் 2022-23 சீசனில் 36 கோல் அடித்தபோது எங்கே திரும்பினாலும் ஒரே பேச்சு: வரலாற்றுச் சாதனை! தொலைக்காட்சி வர்ணனையாளர்கள், மறுநாள் விளையாட்டுப் பக்கங்கள், யூடியூபில் ஆட்டத்தை அலசுகிற தம்பிகள் என்று எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். அந்தப் பையன் அபாரமான ஆட்டக்காரன். அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் எந்த வரலாற்றில் அது சாதனை?

எவர்டனின் டிக்ஸி டீன் 1927-28 சீசனில் லீக் ஆட்டங்களில் மட்டும் 60 கோல் அடித்தவர். சீசனின் கடைசி ஆட்டத்துக்கு அவர் இறங்கும்போது கணக்கில் இருந்தது 57. முந்தைய சீசனில் ஜார்ஜ் கேம்செல் இரண்டாம் டிவிஷனில் 59 அடித்திருந்தார். அதைத் தாண்ட இன்னும் மூன்று வேண்டும். எதிரே நிற்பது ஆர்சனல். கூடிஸன் பார்க் மைதானத்தில் அன்றைக்கு மூன்றையும் அடித்தார் டீன். மூன்றாவது, கார்னரில் இருந்து வந்த பந்தைத் தலையால் முட்டி அடித்த கோல். இங்கிலாந்தின் முதல் நிலை லீக்கில் அந்த 60-ஐ இன்றுவரை ஒருவரும் தொடவில்லை. ஹாலண்டைக் கொண்டாடிய அந்த வாரத்தில் டீனுக்கு ஒரு வரி ஒதுக்க மனம் வரவில்லையே, அதுதான் என் ஆதங்கம்.

தெரியாமல் நடக்கிற தவறு இல்லை இது. திரையில் வரும் பட்டியல் எல்லாமே பிரீமியர் லீக் பிறந்த 1992-இல்தான் தொடங்குகிறது. அதிகக் கோல் அடித்தவர் யார் என்றால் ஆலன் ஷியரர், 260. அதற்கு முன், அன்றைய முதல் நிலை லீக்கான முதல் டிவிஷனில் 357 கோல் அடித்த ஜிம்மி கிரீவ்ஸ் பட்டியலிலேயே இல்லை. லிவர்பூல் 2025-இல் வென்றது அதன் இருபதாவது லீக் பட்டம். பிரீமியர் லீக் பட்டியலில் அது இரண்டாவது. மிச்சம் 18 எங்கே போயின? 1924, 1925, 1926 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து சாம்பியன் ஆன ஹடர்ஸ்ஃபீல்டுக்குப் பூஜ்யம். இரண்டாம் டிவிஷனில் இருந்து ஏறி வந்த முதல் வருஷமே, 1978-இல், பிரையன் கிளஃபின் பயிற்சியில் சாம்பியன் ஆகி, அடுத்த இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கும் பூஜ்யம்.

இதை என் அக்கா மகனிடம் சொன்னேன். கையில் மான்செஸ்டர் அணியின் ஜெர்சி, சட்டென்று பதில் வந்தது: "அதெல்லாம் பழைய காலம் மாமா. அது கணக்குல வராது." யார் சொன்னது வராது என்று? அவனைக் குறை சொல்லி என்ன பயன்? அவனுக்குக் காட்டியதை அவன் நம்புகிறான்.

சரி, 1992-இல் அப்படி என்னதான் மாறியது? முதல் டிவிஷனில் 22 அணிகள் என்றிருந்தது. பிரீமியர் லீக்கின் முதல் சீசனிலும் அதே 22 அணிகள்தான். கீழே இறங்குவது மூன்று, மேலே வருவது மூன்று, அதுவும் அப்படியே. சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம், அதிலும் மாற்றமில்லை. மாறியது பெயரும், பணம் யார் கைக்குப் போகிறது என்பதும்தான். மேல்தட்டு கிளப்புகள் ஃபுட்பால் லீக்கை விட்டு விலகி, தொலைக்காட்சி உரிமையைத் தாங்களே பேசி விற்றுக்கொண்டன. முதல் ஒப்பந்தமே ஐந்து ஆண்டுக்கு 30 கோடியே 40 லட்சம் பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. பழைய வீட்டுக்குப் புதுச் சாயம் அடித்துவிட்டு, அடித்த வருஷத்தையே வீடு கட்டிய வருஷமாக வாசலில் பொறித்தால் கட்டிய கொத்தனாருக்கு எப்படி இருக்கும்?

அந்தக் கொத்தனார்கள் யாரென்று பார்க்க பிரெஸ்டன் என்ற ஒரே ஊர் போதும். லங்காஷயரில் உள்ள பஞ்சாலை ஊர். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தால் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு ஆலைகள் நின்றன. தொழிலாளிக்கு அரை நாள் ஓய்வு கிடைத்தது. மூன்று மணி ஆட்டம் என்ற பழக்கம் வேரூன்றியது அப்படித்தான். இன்றைக்குச் சென்னையில் உட்கார்ந்து சனிக்கிழமை ஏழரைக்கோ எட்டரைக்கோ நாம் டிவியைப் போடுகிறோமே, அந்த நேரத்தைக் குறித்துக் கொடுத்தது பஞ்சாலையின் சங்கு.

1863-இல் லண்டன் ஃப்ரீமேசன்ஸ் விடுதியில் கூடிக் கால்பந்துச் சங்கம் (எஃப்ஏ) அமைத்தவர்கள் வசதி படைத்தவர்கள். காசு வாங்கி ஆடுவது இழுக்கு என்பது அவர்கள் வட்டாரத்தின் எண்ணம். ஆலையில் கூலிக்கு நிற்பவன் ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலியை யார் தருவது என்ற கேள்வி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1884-இல், பிரெஸ்டன் நார்த் எண்ட் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் தருகிறது என்று லண்டன் அணியான அப்டன் பார்க் புகார் கொடுத்தது. பிரெஸ்டனை நடத்திய வில்லியம் சடெல் மறுக்கவில்லை. ஆமாம், தருகிறோம் என்றார். அணியை எஃப்ஏ கோப்பையில் இருந்து வெளியேற்றினார்கள். வடக்கத்தி கிளப்புகள் ஒன்றுசேர்ந்து தனிச் சங்கம் காண்போம் என்று கிளம்பியதும் 1885-இல் சம்பளம் சட்டபூர்வமானது. இன்றைக்கு வாரத்துக்கு லட்சக்கணக்கான பவுண்டு வாங்குகிற ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் அடித்தளம் போட்டது அந்தச் சண்டைதான்.

1888-இல் 12 கிளப்புகளோடு உலகின் முதல் கால்பந்து லீக் தொடங்கியது. முதல் சாம்பியன் பிரெஸ்டன். 22 ஆட்டம், 18 வெற்றி, 4 சமன், தோல்வியே இல்லை. அதே சீசனில் எஃப்ஏ கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றார்கள். 2003-04-இல் ஆர்சனல் தோல்வியே இல்லாமல் முடித்தபோது, இதற்கு 115 ஆண்டுக்கு முன்னரே ஓர் அணி இதைச் செய்திருக்கிறது என்று நம் ஊரில் எத்தனை பேர் சொன்னார்கள்?

அதே பிரெஸ்டனில் டாம் ஃபின்னி. இங்கிலாந்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். ஆட்டத்தோடு பிளம்பர் வேலையும் பார்த்தார், ஏனென்றால் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருந்தது. 1901-இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று வைத்தார்கள். 1961-இல் அது நீங்கும்போது 20 பவுண்டு. 1952-இல் இத்தாலியின் பலெர்மோ கிளப் ஃபின்னியை அழைத்தது. பிரெஸ்டன் நிர்வாகம் விடவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் சம்மதிக்காமல் ஆட்டக்காரர் நகர முடியாத காலம் அது. ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்குத் துணிந்த பிறகுதான் உச்சவரம்பு ஒழிந்தது.

அதே பிரெஸ்டனில்தான் டிக், கெர் தொழிற்சாலைப் பெண்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் வெடிகுண்டுக் கூடு செய்த கைகள். 1917 கிறிஸ்துமஸ் நாளில் டீப்டேல் மைதானத்தில், காயம்பட்ட சிப்பாய்களின் மருத்துவமனைக்காக ஆடினார்கள். 10,000 பேர் பார்க்க வந்தார்கள். 1920 டிசம்பர் 26-இல் கூடிஸன் பார்க்கில் 53,000 பேர். உள்ளே இடமில்லாமல் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 5-ஆம் தேதி, கால்பந்து பெண்களுக்கு ஒவ்வாத ஆட்டம் என்று தீர்மானம் போட்டது கால்பந்துச் சங்கம். தன் கிளப்புகளின் மைதானங்களில் அவர்கள் ஆடக்கூடாது என்று தடை. ஐம்பது ஆண்டு நீடித்தது அந்தத் தடை. லில்லி பார் போன்ற ஆட்டக்காரிகளின் பெரிய மைதானங்களை ஒரே தீர்மானத்தில் பிடுங்கினார்கள். இப்போது மகளிர் கால்பந்து வளர்கிறது என்று பேசுகிறவர்கள், அதை வளரவிடாமல் செய்தது யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இத்தனையும் ஒரே ஊரில் நடந்தது. ஆனால் பிரீமியர் லீக் பட்டியலில் அந்த ஊரே இல்லை. 2001-இலும் 2005-இலும் மேலே ஏறுவதற்கான பிளேஆஃப் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றது பிரெஸ்டன். தேசியக் கால்பந்து அருங்காட்சியகமாவது அங்கே, டீப்டேலில், 2001-இல் திறந்தது. அதுவும் பிறகு மூடப்பட்டு, 2012-இல் மான்செஸ்டரில் திறக்கப்பட்டது.

பழைய கணக்கு மறந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவர்கள் பரியைப் பார்க்க வேண்டும். 1885-இல் பிறந்த கிளப். 1903 எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் டார்பி கவுண்டியை 6-0 என்று வீழ்த்தியவர்கள். 2018 டிசம்பரில் அந்த கிளப் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. 2019-இல் ஆட்டக்காரர்கள் சம்பளம் ஒழுங்காக வராத நிலையிலும் அடுத்த டிவிஷனுக்கு முன்னேறினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி, கடன்களைத் தீர்க்க வழி இருப்பதாக நிரூபிக்கவில்லை என்று லீக்கில் இருந்து நீக்கப்பட்டார்கள். 125 ஆண்டு உறவு ஒரே நாளில் அறுந்தது. தீர்ப்பு வந்த நாளிலும் ஊர்மக்கள் கிக் லேன் மைதானத்தில் துடைப்பமும் வாளியுமாக நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த ஆட்டம் நடந்துவிடும் என்ற நம்பிக்கையில். பரியில் இருந்து மான்செஸ்டரின் இரண்டு பெரும் பணக்கார கிளப்புகளுக்கு டிராமிலேயே போய்விடலாம். வெளியூரில் இருந்து வந்து ஆடும் அணிக்கும் டிக்கெட் வசூலில் பங்கு தரும் வழக்கம் ஒருகாலத்தில் லீக்கில் இருந்தது. பெரிய கிளப்புகளின் நெருக்கடியால் 1983-இல் அது நின்றது. ஒருவரை ஒருவர் தாங்கி வளர்ந்த ஆட்டம் இது என்ற நினைப்பு இருந்திருந்தால், பரியை இவ்வளவு சுலபமாகக் கைகழுவியிருப்பார்களா?

அந்த நினைப்புக்கு எவ்வளவு பலம் என்பதை 2021 ஏப்ரலில் கண்ணால் பார்த்தோம். ஐரோப்பிய சூப்பர் லீக் என்று 12 கிளப்புகள் தனிக்கடை போட்டன. அதில் ஆறு இங்கிலாந்து கிளப்புகள். இறங்குமுகமே இல்லாத நிரந்தர நாற்காலி வேண்டும் என்பது திட்டம். அந்தந்த அணியின் ரசிகர்களே தெருவில் இறங்கினார்கள். செல்சி ரசிகர்கள் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் வாசலில் வழிமறித்தார்கள். அறிவித்த இரண்டே நாளில் ஆறு கிளப்பும் பின்வாங்கின. இந்த கிளப் உன் சொத்து இல்லை, எங்கள் தாத்தா காலத்தில் இருந்து எங்களுடையது என்று சொல்ல ஆள் இருந்ததால் அது நடந்தது. அதன் தொடர்ச்சியாகவே 2025-இல் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்து, சுதந்திரமான ஒழுங்காற்று அமைப்பு பிறந்திருக்கிறது. 1992-இல்தான் எல்லாம் தொடங்கியது என்று நம்புகிறவன் எதை வைத்து முதலாளியை எதிர்த்துக் கேட்பான்?

நம் ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு. இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் முதல் தமிழ் வம்சாவளி வீரர் என்று குறிப்பிடப்படும் விமல் யோகநாதன், வேல்ஸில் வளர்ந்த இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அவர் தொழில்முறை வீரராக அறிமுகமானது திரையில் ஜொலிக்கும் பெரிய அணிகளில் இல்லை, பார்ன்ஸ்லியில். நிலக்கரிச் சுரங்க ஊர், 1887-இல் ஒரு பாதிரியார் தொடங்கிய தேவாலய அணி, 1912-இல் எஃப்ஏ கோப்பை வென்ற கிளப். இப்படிப்பட்ட ஊர்க் கிளப்புகள் இருப்பதால்தான் புதியவர்களுக்கு வாசல் திறக்கிறது. அவை ஒவ்வொன்றாக மூடினால் மேலே ஏற ஏணி ஏது?

விளையாட்டுப் பக்கம் எழுதுகிறவர்களிடமும் வர்ணனை செய்கிறவர்களிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. "பிரீமியர் லீக் சாதனை" என்று சொல்வதைத் தாராளமாகச் சொல்லுங்கள். அதன் பக்கத்திலேயே 1888 முதல் உள்ள கணக்கையும் ஒரு வரி போடுங்கள். ஷியரரின் 260-க்குப் பக்கத்தில் கிரீவ்ஸின் 357, ஹாலண்டின் 36-க்குப் பக்கத்தில் டீனின் 60. அந்த ஒரு வரியைப் பார்க்கிற பிள்ளை, யார் இந்த டீன் என்று தானே தேடிப் போவான். பஞ்சாலைக்காரர்களும் ரயில் பட்டறைத் தொழிலாளர்களும் வெடிகுண்டுத் தொழிற்சாலைப் பெண்களும் தங்கள் சனிக்கிழமைகளைக் கொட்டி வளர்த்த ஆட்டம் இது. அவர்களுடைய கணக்கை அவர்களுக்கே எழுதுங்கள்.