பரிசல் ஏன் சாய்கிறது?

2009 செப்டம்பர் 30 அன்று, கம்பத்தைத் தாண்டி மலையேறினால் வரும் தேக்கடி ஏரியில், ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதும் படகு சாய்ந்துவிட்டது.

வைகை அணையில் பரிசலில் மீன் பிடிப்பவர்களுக்கும் இதே கணக்குதான். ஒருவர் வலை இழுத்தால் மற்றவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து குனிந்தால் தண்ணீர்தான். மீனை நடுவில் கொட்டுங்கள். ஃபைபர் பரிசலில் கீறல் தெரிந்தால் அன்றைக்கே அடைத்துவிடுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் சாய்ந்த பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும். லைஃப் ஜாக்கெட்டை மடித்து மெத்தையாகப் போட்டு உட்காராதீர்கள். கரையிலேயே மாட்டி, பட்டையை இறுக்கிவிட்டுத் துடுப்பை எடுங்கள்.