சம்பளச் சீட்டில் தெரியாத செலவு

அமெரிக்காவில் வேலை பறிபோனவர்களின் வீட்டுக்குச் சில வாரங்களில் ஒரு கடிதம் வரும். ‘கோப்ரா’ கடிதம் என்பார்கள். அதற்கு வழிசெய்த சட்டத்தின் பெயர் அது. பழைய மருத்துவக் காப்பீட்டையே இன்னும் 18 மாதங்கள்வரை தொடரலாம், ஆனால் முழுப் பிரீமியத்தையும் இனி நீங்களே கட்ட வேண்டும், நிர்வாகச் செலவுக்காக மேலும் 2 சதவீதம் வரை சேரும் என்று அதில் எழுதியிருக்கும். மாதம் ஐந்நூறு டாலர் பிடித்தத்துக்குப் பழகிய குடும்பம், அன்றைக்குத்தான் இரண்டாயிரம் டாலரைத் தாண்டிய ஒரு தொகையை முதன்முறையாகப் பார்க்கிறது. எச்-1பி விசாவில் போய் ஆட்குறைப்பில் சிக்கிய நம்மூர்ப் பிள்ளைகள் பலரும் இந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்கள்தான். வேறு வேலை தேட 60 நாள் கெடு, கையில் கைக்குழந்தை, மேசைமேல் இந்தக் கடிதம்.

அந்தத் தொகை புதிதாக முளைத்தது அல்ல. 2024-ல் நிறுவனங்கள் ஓர் ஊழியரின் குடும்பத்துக்கு எடுத்த காப்பீட்டின் சராசரி ஆண்டுப் பிரீமியம் 25,572 டாலர். ஊழியரின் சம்பளத்தில் பிடித்தது 6,296 டாலர். மீதி 19,000 டாலர் சொச்சத்தை முதலாளி கட்டுகிறார். காப்பீட்டுக்குப் போகாவிட்டால் அந்தப் பணத்தின் பெரும்பகுதி சம்பளமாக வந்திருக்கும் என்பதைப் பொருளியலாளர்களில் மிகப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். ஊழியருடைய உழைப்பின் விலைதான் அது. அவர் கண்ணில் மட்டும் படுவதில்லை.

அரசே எல்லோருக்கும் ஒரே காப்பீட்டாளராக இருந்து, மருத்துவமனைகளுக்குப் பணம் கொடுக்கும் முறையை அங்கே ‘சிங்கிள் பேயர்’ என்கிறார்கள். அது ஏன் அமெரிக்காவில் திரும்பத் திரும்பத் தோற்கிறது? காப்பீட்டு நிறுவனங்களின் பண பலம், மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பு, ‘சோஷலிசம்’ என்ற பூச்சாண்டி ஆகிய காரணங்கள் எல்லாம் உண்மையே. ஆனால், கண்ணில் படாத அந்த 19,000 டாலர்தான் எல்லாவற்றிலும் பெரிய காரணம் என்பது என் முடிவு.

இந்த ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுக் கட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், விலைவாசியைப் பிடித்து நிறுத்தச் சம்பள உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காமல் தவித்த ஆலைகள், கட்டுப்பாட்டுக்குள் வராத சலுகையாக மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்தன. 1954-ன் வரிச் சட்டம் அதற்கு வரி இல்லை என்று உறுதிசெய்தது. வேலையும் வைத்தியமும் அன்று ஒரே கயிற்றில் கட்டப்பட்டன. அதிபர் ட்ரூமன் 1945-லேயே நாடாளுமன்றத்திடம் தேசியக் காப்பீடு கேட்டார், கிடைக்கவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதிபர் லிண்டன் ஜான்சன், 65 வயதைக் கடந்தவர்களுக்கான ‘மெடிகேர்’ சட்டத்தில் ட்ரூமனின் ஊரான இண்டிபெண்டன்ஸுக்கே போய்க் கையெழுத்திட்டு, முதல் அட்டையை அவரிடம் கொடுத்தார். ஆக, அரசே காப்பீட்டாளராக இருப்பது அமெரிக்கருக்கு அந்நியமான யோசனை அல்ல. அங்கே முதியவர்கள் அறுபது ஆண்டுகளாக அதில்தான் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதை எல்லா வயதினருக்கும் விரிக்க ஒரே ஒரு மாநிலம் சட்டமே போட்டது. செனட்டர் பெர்னி சாண்டர்ஸின் மாநிலமான வெர்மான்ட். ஆறேகால் லட்சம் மக்கள்தொகை, இடதுசாரிச் சாய்வு, ஆளுநரும் சட்டமன்றமும் ஒரே கட்சி. 2011 மே மாதம் ஆளுநர் பீட்டர் ஷம்லின் சட்டத்தில் கையெழுத்திட்டார். திட்டத்துக்கு வரைபடம் போட்டவர்களில் முதன்மையானவர் ஹார்வர்டின் வில்லியம் சியாவ். இதே சியாவைத்தான் 1980-களின் கடைசியில் தைவான் அரசும் அழைத்திருந்தது.

2014 டிசம்பர் 17 அன்று ஷம்லின் தானே முன்வந்து திட்டத்தைக் கைவிட்டார். கணக்கு சொன்ன எண்கள் இவை: முதலாளிகள்மீது 11.5 சதவீத ஊதிய வரி. குடும்பங்கள்மீது வருமானத்துக்கேற்ப 9.5 சதவீதம்வரை வரி. அதற்கு ஒரு மாதம் முன்புதான் தேர்தலில் ஏறக்குறைய 2,400 வாக்குகள் வித்தியாசத்தில், பாதி வாக்குகூட எட்டாமல், தட்டுத்தடுமாறி முந்தியிருந்தார். இந்த எண்களோடு சட்டமன்றத்துக்குப் போக அவருக்குத் துணிவு இல்லை.

இந்த எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 50,000 டாலர் சம்பாதிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 11.5 சதவீதம் என்றால் 5,750 டாலர். குடும்ப வரி உச்ச விகிதத்திலேயே விழுந்தாலும் 4,750. இரண்டும் சேர்ந்து 10,500. அந்த ஆண்டில் நாடு முழுவதும் குடும்பக் காப்பீட்டின் சராசரிப் பிரீமியம் 16,834 டாலர். மனைவி, மக்கள் உள்ளவருக்கு ஆறாயிரம் டாலருக்கு மேல் மிச்சம். ஆனால் அதே சம்பளத்தில் தனியாளாக இருப்பவருக்குச் சராசரிப் பிரீமியம் 6,025 டாலர்தான், அவருக்கு நஷ்டம். அதுவரை ஊழியர்களுக்குக் காப்பீடே கொடுக்காத சிறு கடைக்காரருக்கு 11.5 சதவீதமும் புதுச் சுமை. யாருக்கும் நஷ்டமில்லை என்று சொல்லும் சீர்திருத்தவாதிகளை நான் நம்புவதில்லை. இழப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வெர்மான்டில் நடந்தது வேறு. மறைவாக இருந்த 16,834-ஐ யாரும் வரி என்று அழைக்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்த 10,500-ஐ எல்லோரும் வரி என்றார்கள். ஒன்றை இன்னொன்றின் அருகில் வைத்துப் பார்க்கும்படி மக்களிடம் காட்ட, கையிலிருந்த மூன்றரை ஆண்டுகளை ஷம்லின் பயன்படுத்தவில்லை. பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, மக்கள் காப்பீடு வாங்குவதற்காக மாநிலம் தொடங்கிய இணையதளம் முடங்கியதற்குப் பதில் சொல்வதிலேயே காலம் போயிற்று. மாநிலத்துக்கு என்று தனிச் சிக்கல்களும் இருந்தன. 1974-ன் ஒன்றியச் சட்டம், சொந்தப் பொறுப்பில் காப்பீடு நடத்தும் பெரிய நிறுவனங்களைத் தொட மாநிலங்களுக்கு இடம் தருவதில்லை. மெடிகேர் பணமும் வாஷிங்டன் கையில். ஒரு மாநிலம் தனியாக ஏறக்கூடிய மலை அல்ல அது.

தைவானில் சியாவின் வழிகாட்டல் என்ன ஆயிற்று? அங்கும் அரசு ஊழியர், தொழிலாளி, விவசாயி என்று தனித்தனிக் காப்பீடுகள் இருந்தன. பத்தில் நான்கு பேருக்கு எதுவும் இல்லை. 1995 மார்ச் 1 அன்று எல்லாவற்றையும் ஒன்றாக்கினார்கள். தொடக்கத்தில் சம்பளத்தில் 4.25 சதவீதம் பிரீமியம், இப்போது 5.17. சம்பளக்காரருக்கு அதில் 30 சதவீதம் அவருடையது, 60 முதலாளியுடையது, 10 அரசினுடையது. எவ்வளவு, யார் கட்டுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே அங்கு ஒவ்வொரு உயர்வும் சண்டைதான். 2010-ல் பிரீமியத்தை உயர்த்த முயன்ற சுகாதார அமைச்சர் யாங் சீ-லியாங் பதவி விலகல் கடிதமே கொடுத்தார். மருத்துவர்கள் வேலைப்பளுவால் களைக்கிறார்கள், நோயாளிக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கிறது என்ற குறைகளும் உண்மை. ஆனால் வேலை போனால் வைத்தியமும் போகும் என்ற பயம் அந்தத் தீவில் யாருக்கும் இல்லை.

அமெரிக்காவில் அந்தப் பயம்தான் சீர்திருத்தத்துக்கே எதிராகத் திரும்புகிறது. 2020-ல் நெவாடாவின் சமையல்கூடத் தொழிலாளர் சங்கம் சாண்டர்ஸின் ‘எல்லோருக்கும் மெடிகேர்’ திட்டத்தை எதிர்த்தது. சம்பள உயர்வை விட்டுக்கொடுத்து, வேலைநிறுத்தம் செய்து வாங்கிய காப்பீடு அவர்களுடையது. அதை ஒரு வாக்குறுதியை நம்பி ஒப்படைக்கத் தலைவர்கள் தயாராக இல்லை. அவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘இருக்கும் காப்பீடு பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளலாம்’ என்று ஒபாமா சொன்ன பிறகு, 2013-ல் பல லட்சம் பேருக்கு ரத்துக் கடிதம் வந்ததை அந்த நாடு மறக்கவில்லை. 2019-ல் கைசர் குடும்ப அறக்கட்டளை எடுத்த கணிப்பில், எல்லோருக்கும் மெடிகேர் வேண்டும் என்றவர்கள் 56 சதவீதம். வரி கூடும் என்று சொன்னதும் அது 37 ஆகச் சரிந்தது. பிரீமியம் ஒழியும் என்பதையும் அதே மூச்சில் சொல்லாமல் அந்த எண் ஏறாது.

கையைக் கட்டிக்கொண்டு இருப்பதற்கும் விலை உண்டு. 2023-ல் அமெரிக்கா மருத்துவத்துக்குச் செலவிட்டது 4.9 லட்சம் கோடி டாலர். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17.6 சதவீதம். இவ்வளவுக்குப் பிறகும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் காப்பீடு இல்லை. 2025 ஜூலையில் வந்த சட்டத்தால் 2034-க்குள் மேலும் ஒரு கோடிப் பேர் காப்பீடு இழப்பார்கள் என்று நாடாளுமன்றத்தின் வரவு-செலவு அலுவலகமே கணித்திருக்கிறது. அந்த இலையுதிர் காலத்தில் காப்பீட்டு மானியத்தை நீட்டிப்பது பற்றிய சண்டையில் ஒன்றிய அரசு 43 நாட்கள் முடங்கியது. மானியம் எவ்வளவு என்று பேசினார்களே தவிர, பிரீமியம் ஏன் அவ்வளவு என்று இரு தரப்பும் போதுமான அளவு பேசவில்லை.

அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஆண்டுதோறும் ஜனவரியில் நிறுவனம் தரும் டபிள்யூ-2 வரிப் படிவத்தில் 12-ஆவது பெட்டியைப் பாருங்கள். பெரிய நிறுவனம் என்றால், ‘டிடி’ என்ற குறியீட்டுக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். நீங்களும் உங்கள் முதலாளியும் சேர்ந்து காப்பீட்டுக்குக் கட்டிய முழுப் பணம் அது. ஒபாமா காலச் சட்டம்தான் அதை அச்சிட வைத்தது. அதைப் படித்துவிட்டு, அருகில் இருக்கும் அமெரிக்க நண்பரிடமும் காட்டுங்கள்.