அம்மன் காசும் டைப்-சி ஓட்டையும்

'டேப்லெட் வாங்கியிருக்கேன்' என்று எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

டி.என்.பி.எஸ்.ஸி.க்குப் படிக்கிற பையன்கள் பலருக்கு இப்போது அதுதான் புத்தகம், நோட்டு எல்லாம். பத்து அங்குலத் திரையில் பி.டி.எஃப். படித்துக் கழுத்து போய்விடுகிறது. வீட்டு மூலையில் பழைய கம்ப்யூட்டரின் மானிட்டர் சும்மா தூங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் என்ன? நியாயமான யோசனை.

அறந்தாங்கியில் இருக்கும் என் மச்சினன் அதைத்தான் செய்தான். ஒரு முனை டைப்-சி, மறுமுனை ஹெச்.டி.எம்.ஐ. என்று ஒரு கேபிள். விலை ஆயிரத்து இருநூறு. ஜெராக்ஸ் கடையில் சாயங்கால வேலை பார்த்துச் சேர்த்த காசு. செருகினால், மானிட்டர் 'நோ சிக்னல்' என்று கையை விரித்துவிட்டது. கேபிள் விற்றவர் "உங்க டேப்லெட்லதான் கோளாறு தம்பி" என்றார். டேப்லெட் விற்றவரோ "கேபிள் டூப்ளிகேட்" என்று அடித்துச் சொன்னார்.

"யார் மச்சான் பொய் சொல்றது?" என்று கேட்டான்.

அதே கேபிளை என் ஆபீஸ் லேப்டாப்பில் செருகினேன். ஜம்மென்று படம் வந்தது. டேப்லெட்டிலும் கோளாறு கிடையாது.

டைப்-சி என்பது 2014-ல் வந்த ஒரு வடிவம். வெறும் வடிவம், அவ்வளவுதான். உள்ளே 24 பின்கள். அவற்றில் சிலவற்றைப் படம் அனுப்பத் திருப்பிவிடலாம். 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்று பெயர். அதற்கான ஏற்பாட்டைக் கம்பெனிக்காரர் உள்ளே வைத்திருக்க வேண்டும். விலை குறைந்த டேப்லெட்டுகளில் பெரும்பாலும் வைப்பதில்லை. சாம்சங்கின் டேப் எஸ்9-ல் உண்டு, டேப் எஸ்6 லைட்டில் கிடையாது. வெளியே பார்த்தால் ஓட்டை ஒன்றேதான்!

எங்கள் சமஸ்தானத்தில் அம்மன் காசு என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் பிரகதாம்பாள். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதற்கு முன் அந்தக் காசுக்கு மதிப்பு புதுக்கோட்டை எல்லைக்குள்தான். மச்சினனின் ஓட்டையும் அந்த ஜாதி. சார்ஜரிடம் செல்லும், மானிட்டரிடம் செல்லாது.

ஆகவே கேபிளுக்குக் காசை எண்ணுமுன் டேப்லெட்டின் விவரப் பட்டியலைப் பாருங்கள். வெறும் 'யூ.எஸ்.பி. 2.0' என்றிருந்தால் கடைப் படியை விட்டு இறங்கிவிடலாம். 3.2 என்றிருந்தாலும் உத்தரவாதமில்லை. 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற வார்த்தை இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் இதைப் பெரிதாக அச்சடிக்க ஏனோ யாருக்கும் மனசு வருவதில்லை. கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று மட்டும் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கடையிலேயே ஒரு திரையில் செருகிக் காட்டச் சொல்வது உத்தமம். இன்னொன்று: டேப்லெட்டில் இருப்பதே ஒரு ஓட்டை. அதை மானிட்டருக்குக் கொடுத்துவிட்டால் சார்ஜ் எங்கே போடுவது? சார்ஜருக்கும் இடம் உள்ள அடாப்டராகக் கேளுங்கள்.

ஓட்டையில் படம் வராதவர்களுக்கும் வழி உண்டு. கம்பியில்லாமல் படம் அனுப்பும் மிராகாஸ்ட் 2012-லேயே வந்தாயிற்று. உங்கள் டேப்லெட்டுக்கு அது தெரியுமானால், மானிட்டரின் ஹெச்.டி.எம்.ஐ.யில் ஒரு சின்ன டாங்கிளைச் செருகினால் போதும். மானிட்டரில் பழைய வி.ஜி.ஏ. மட்டும்தான் என்றால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர். விரலுக்கும் திரைக்கும் கொஞ்சம் தாமதம் இருக்கும். விளையாட முடியாது, படிக்கலாம்.

மச்சினன் இப்போது இப்படித்தான் படிக்கிறான். காசு கட்டிப் பார்க்கிற ஓ.டி.டி. படங்கள் மட்டும் பெரிய திரையில் கறுப்பாகத் தெரிகின்றனவாம், காப்புரிமைப் பூட்டு. என் மாமனார் அதை ஒரு குறையாகவே நினைக்கவில்லை.