பில்லின் அடியில் இன்னொரு வரி

நம் ஊரில் எந்தக் கடை பில்லை எடுத்தாலும் அடியில் ‘திருப்பூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சடித்திருக்கும். வழக்கை எந்த ஊரில் போடுவது என்பதற்கு மட்டுமே அது உதவும். பாக்கி வருவதற்குள் எத்தனை வாய்தா என்பது வேறு கதை.

எக்ஸ்போர்ட்காரரிடம் தையல் கூலி நின்றால், பவர் டேபிள்காரர் சனிக்கிழமைச் சம்பளம் போட முடியாது. அடுத்த நாளே மளிகைக் கடை நோட்டில் பற்று ஏறும். ஆகவே இது பனியன்காரர் பிரச்சினை மட்டும் அல்ல.

சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 45 நாளுக்கு மேல் பாக்கி வைத்தால், ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. முறையிட ஃபெசிலிட்டேஷன் கவுன்சில். பவர் டேபிள்காரர் அங்கே போகலாம். நாம்? 2021 ஜூலையில் வணிகர்களையும் உத்யம் பதிவில் சேர்த்தார்கள். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும். சரக்கு வாங்கி விற்கும் நமக்கு அந்த வட்டியும் இல்லை, கவுன்சிலும் இல்லை.

நமக்கு மிஞ்சுவது 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டம். தகராறு வந்தால் நடுவரிடம் போவோம் என்று முன்கூட்டியே எழுதிக்கொண்டால், ஒருவர் கோர்ட்டுக்கு ஓடினாலும் மற்றவர் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி நடுவரிடமே திருப்பலாம். நடுவர் தீர்ப்பை கோர்ட் டிகிரி போலவே நிறைவேற்றலாம். சங்கத்தில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசி முடிப்பதும் நல்லதுதான். எழுத்து இல்லாவிட்டால், தோற்றவர் துண்டை உதறிக்கொண்டு போய்விடுகிறாரே!

பில்லில் அச்சடித்தால் மட்டும் போதாது. ஆர்டர் தாளில் வாங்குபவரின் கையெழுத்து வேண்டும். ‘நடுவரை நாங்களே போடுவோம்’ என்று பெரிய கம்பெனி நீட்டும் ஒப்பந்தத்துக்குப் பணிய வேண்டாம். தகராறில் சம்பந்தப்பட்டவர் தனி நடுவரைத் தாமே நியமிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்றுமதி ஒப்பந்தத்தில் ‘லண்டனில் மத்தியஸ்தம்’ என்றிருந்தால், வக்கீல் செலவைக் கணக்குப் பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள். 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையின்படி அந்தத் தீர்ப்பு இங்கேயும் செல்லும்.

இன்னொன்று: சரக்கு பாக்கிக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் கெடு. ‘அடுத்த மாதம் தருகிறேன்’ என்ற வாய்ப் பேச்சால் அது நீளாது. நடுவர் கோரும் நோட்டீஸ் எதிராளி கைக்குப் போன நாளிலிருந்துதான் மத்தியஸ்தம் தொடங்கியதாகக் கணக்கு.

நடுவர் கட்டணம் பாக்கியைவிடப் பெரிதாகிவிட்டால் யாருக்கு லாபம்? சங்கம் நிரந்தரக் கட்டணத்தில், நூலும் துணியும் மளிகையும் தெரிந்த நடுவர் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யவேண்டும். அந்த ஒரு வரியின் மாதிரியை அச்சடித்து ஒவ்வொரு கடைக்கும் தரவேண்டும்.