"மலைக்கு எதுக்குங்க வீல்சேர்?" என்று கேட்பவர்களுக்கு...

"முடியாதவங்க வீட்ல இருக்க வேண்டியதுதானே? மலைக்கு எதுக்கு வீல்சேர்?"

மலைப்பாதையும் சதுப்பு நிலப் பாதையும் எல்லோருக்கும் வேண்டும் என்று எழுதினாலே கமெண்ட்டில் வந்து விழுகிற முதல் கேள்வி இதுதான். தோழர்களே, கோபப்பட்டு பிளாக் பண்ணாதீங்க. பதில் நம்மகிட்ட இருக்கு. ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

பழனி மலைக்கு விஞ்ச் இருக்கு. 2004இல் ரோப் காரும் வந்தது. சோளிங்கருக்கு 1,305 படி, அய்யர்மலைக்கு 1,017 படி. இரண்டு மலைக்கும் 2024இல் ரோப் கார் வந்தது. அப்போ யாராவது "முடியாதவங்க அடிவாரத்துலயே கும்பிட்டுட்டுப் போங்க"ன்னு சொன்னாங்களா? சொல்லல. சொல்லவும் கூடாது. சாமி பார்க்க மேலே போகலாம், மேகம் பார்க்க மட்டும் போகக் கூடாதா? என்னங்க நியாயம் இது?

அடுத்து, "எத்தனை பேர் வரப்போறாங்க?"ன்னு கேப்பாங்க. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் மட்டும் 11.79 லட்சம் பேர். அதோட முடியல. முட்டி வலி உள்ள அம்மா, பைபாஸ் பண்ண அப்பா, கைக்குழந்தையோட வர்ற அக்கா, இவங்க யாருமே அந்தக் கணக்கில் இல்லை. குடும்பத்தோட ஊட்டி, ஏற்காடுன்னு போனவங்களுக்குத் தெரியும். "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையப் பாத்துக்கிட்டு வேன்லயே இருக்கேன்"னு சொல்ற ஒருத்தர் எல்லா வீட்டிலும் இருப்பார். அவங்களுக்கு ஆசை இல்லாம இல்லை. நாம போட்ட பாதைதான் அவங்களை வேனிலேயே உட்கார வைக்குது.

இப்போ கொஞ்சம் இன்ஜினியரிங் பேசலாம். சாய்தளத்துக்கு 12க்கு 1 என்பது விதி. 1 மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம், அதாவது 8.33 சதவீதச் சரிவு. இது எவ்வளவு என்று தெரியுமா? இந்தியாவின் ஒரே பல்சக்கர ரயிலான நீலகிரி மலை ரயில் ஏறுகிற அதிகபட்சச் சரிவும் கிட்டத்தட்ட இதேதான். அந்த ஏற்றத்தில் ரயில் எஞ்சினுக்கே தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த பட்டை தேவைப்படுது. அதே சரிவை ஒருவர் தன் இரண்டு கையால் தள்ளி ஏறணும்! ஆகவே 12க்கு 1 என்பது உச்ச வரம்பு, இலக்கு அல்ல. நீண்ட பாதைக்கு 20க்கு 1 அளவுக்குத் தணிந்த சரிவும், நடுநடுவே இளைப்பாறச் சமதளமும் வேண்டும்.

மலையில் இது முடியுமா? முடியும். உச்சிக்கு நேராக ஏறினால்தான் சரிவு கூடும். மலையின் இடுப்பைச் சுற்றிப் போனால் குறையும். கொடைக்கானலில் மலை விளிம்பை ஒட்டி 1872இல் போட்ட கோக்கர்ஸ் வாக் அப்படிப்பட்ட பாதைதான். 150 வருஷத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரன் உலாத்துறதுக்காக முடிந்தது, இன்னைக்கு நம்ம மக்களுக்காக முடியாதா?

"இயற்கை கெட்டுடும்" என்பவர்களுக்கும் மரியாதையோடு ஒரு பதில். காட்டுக்குள்ள சிமென்ட் ரோடு கேட்கல. எல்லா உச்சிக்கும் பாதையும் கேட்கல. சதுப்பு நிலத்தை உண்மையில் கெடுப்பது, கண்ட இடத்தில் மிதிக்கிற கால்கள்தான். தூண்களின் மேல் நிற்கும் மரப்பலகைப் பாதை போட்டால் கீழே தண்ணீர் தன் போக்கில் ஓடும், ஆட்களும் ஒரே தடத்தில் போவாங்க. இந்தியாவிலேயே அதிகமாக 20 ராம்சர் தளங்கள் உள்ள மாநிலம் நம்முடையது. பள்ளிக்கரணையும் 2022இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வரும் பறவைகளைப் பார்க்க சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் கண் இருக்கு சார்!

மெரினாவை மறந்துடாதீங்க. வருஷத்துக்குச் சில நாட்கள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டுக் கடலைக் காட்டிக்கொண்டிருந்த இடத்தில், 2022 நவம்பரில் 263 மீட்டர் நிரந்தர மரப்பாதை வந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் ஒரு பகுதி சேதமானது. உடனே என்ன கிண்டல், என்ன மீம்ஸ்! புயலில் ரோடு பெயர்ந்தால் "இனிமே ரோடே வேணாம்"னு சொல்றோமா? சரிசெய்தார்கள், மக்கள் மறுபடியும் அலையைத் தொட்டார்கள். பராமரிப்பைக் கேள்வி கேளுங்கள், தவறில்லை. பாதையையே கேலி செய்யாதீர்கள்.

இது சலுகையும் இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பொழுதுபோக்கில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைப் பேசுகிறது. அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கட்டாயமான விதிகளை 3 மாதத்தில் வகுக்கச் சொல்லி ஒன்றிய அரசுக்கு உத்தரவும் போட்டது.

2024 அக்டோபரில் தமிழ்நாட்டின் 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகள் ஆன்லைன் முன்பதிவோடு திறக்கப்பட்டன. நல்ல திட்டம், வரவேற்கிறோம். எளிது, நடுத்தரம், கடினம் என மூன்று வகை வைத்திருக்கிறார்கள். 'எளிது' என்றால் யாருக்கு எளிது? அதனால்தான் நம் கோரிக்கை:

👉 'எல்லோருக்கும்' என்று நான்காவது வகை வேண்டும். முதற்கட்டமாக ஒவ்வொரு மலை மாவட்டத்திலும் 1 கிலோமீட்டராவது போடுங்கள்.

👉 முன்பதிவுப் பக்கத்திலேயே சரிவு, அகலம், தரை எப்படி, எத்தனை மீட்டருக்கு ஒரு பெஞ்ச், கழிப்பறை எங்கே என்ற விவரம் வேண்டும். போகலாமா வேண்டாமா என்பதை அவரவர் முடிவு செய்வார்கள்.

👉 பார்வையற்றோருக்குக் கைப்பிடிக் கயிறு, தொட்டுப் படிக்கும் பலகை வேண்டும்.

👉 வரைபடம் போடும்போதே மாற்றுத்திறனாளிகளை உடன் உட்கார வையுங்கள். டிசம்பர் 3 அன்று போட்டோவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள்.

👉 பராமரிப்புக்குத் தனி நிதி ஒதுக்குங்கள்.

தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் வைக்கத்துக்கே போய்ச் சிறை புகுந்தவர் பெரியார். அவர் பிறந்த மண்ணில், பாதை என்பது வெறும் கல்லும் மண்ணும் இல்லை. யார் நடக்கலாம், யார் ஓரமாக நிற்கணும் என்பதைச் சொல்லாமல் சொல்வதும் அதுதான்.

தோழர்களே, உங்க மாவட்டத்து மலையோ ஏரியோ சதுப்போ, அதன் நுழைவாயிலைப் படமெடுத்து கமெண்ட்டில் போடுங்க. எத்தனை படி, சாய்தளம் இருக்கா இல்லையா, அதை மட்டும் எழுதுங்க போதும். தொகுத்து, மாவட்டவாரியாக ஆட்சியர்களிடம் மனுவாகக் கொடுப்போம்.

பகிருங்கள். வேனில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்காகப் பகிருங்கள்.

#எல்லோருக்கும்_மலை
#பாதை_நம்_உரிமை

— தகவல் தொழில்நுட்ப அணி