வீட்டுக்கொரு பதிவெண்: ஓசூர் வாடகைக் குடும்பங்களுக்கு ஓர் அறைகூவல்

தோழர்களே!

ஓசூர் சிப்காட்டில் மூன்று ஷிப்டும் ஓடுகின்றன. கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா என்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் புதுப்புது ஆலைகள் எழுந்துவிட்டன. தருமபுரி, திருவண்ணாமலை, சேலத்திலிருந்து மட்டுமல்ல, ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். இவர்கள் எல்லோரும் எங்கே தூங்குகிறார்கள்? மூக்கண்டப்பள்ளி, பேடரப்பள்ளி, ஜூஜூவாடி லைன் வீடுகளில். மொட்டை மாடியில் தகரம் போட்ட அறைகளில். ஒருவன் எழுந்து வேலைக்குப் போனதும் இன்னொருவன் வந்து படுக்கும் பாயில்.

அந்த வீட்டில் நாம் குடியிருக்கிறோம் என்பதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? நம்மில் மிகப் பலரிடம் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை. கொடுத்த அட்வான்ஸுக்கு ரசீது இல்லை. மாதாமாதம் கொடுக்கும் வாடகைக்குச் சாட்சி இல்லை. ஓனர் "அடுத்த மாசம் காலி பண்ணு" என்றால் மூட்டை கட்ட வேண்டும். "பெயிண்ட் அடிக்கணும்" என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்தால் வாய் மூடி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு எதிராக ஒரு சட்டம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், 2017 என்பது அதன் பெயர். அதை நம் லைன் வீட்டு வாசலுக்கு யாரும் கொண்டுவந்து தரப்போவதில்லை. நாம்தான் கொண்டுவர வேண்டும். இப்போதே கொண்டுவர வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வாடகைக்கு விடும் எந்த வீட்டுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இவர் மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் அதிகாரி. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். பதிவு செய்தால் அந்த ஒப்பந்தத்துக்கென்று தனி எண் கிடைக்கும். விண்ணப்பிக்க அரசு தனி இணையதளமே வைத்திருக்கிறது.

"நம்முடையது பதினோரு மாச அக்ரிமென்ட், அதற்குப் பதிவு தேவையில்லை" என்று புரோக்கர் சொல்வார். நம்பாதீர்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அதிலிருந்து தப்பிக்கக் கண்டுபிடித்ததுதான் பதினோரு மாதக் கணக்கு. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதிலிருந்து வேறானது. பதினோரு மாத ஒப்பந்தத்துக்கும் அது வேண்டும்.

இனி சொல்வதை ஒவ்வொரு தோழரும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தை உரிமையாளர்தான் பதிய வேண்டும் என்றில்லை. உரிமையாளரோ வாடகைதாரரோ, இருவரில் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது 4-ஆம் பிரிவு. கையெழுத்தான ஒப்பந்தம் உங்கள் கையில் இருந்தால் ஓனர் எழுந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த எண்ணோடு வரும் பாதுகாப்புகளைப் பாருங்கள். கொடுக்கும் வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் ரசீது கேட்பது நம் உரிமை. ஓனர் வாடகையை வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்தலாம். வீட்டைப் பார்க்க வரவேண்டுமென்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே அவர் தெரிவிக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கும் பெண் தொழிலாளியின் அறைக் கதவைச் சாவி போட்டுத் திறக்க எவருக்கும் உரிமை இல்லை. தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது, மோட்டார் சுவிட்சைப் பூட்டுவது எல்லாம் சட்டவிரோதம். புகார் கொடுத்தால் உடனே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போடும் அதிகாரம் வாடகை அதிகாரிக்கு உண்டு.

அட்வான்ஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் பழக்கம் வேரூன்றியது. அத்திப்பள்ளி தாண்டி இங்கேயும் அது வந்து உட்கார்ந்துவிட்டது. பழக்கம் எல்லை தாண்டலாம். கர்நாடகத்தின் வாடகைச் சட்டம் ஜூஜூவாடிக்கு இந்தப் பக்கம் செல்லாது. தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் "வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர" என்று ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. அதனால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பத்து மாதம் என்று எழுதிய தாளில் நீங்கள் கையெழுத்திட்டால் உங்கள் உரிமையை நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, மீதித் தொகை திரும்ப வர வேண்டும் என்பதும் சட்டம்தான்.

பதியாவிட்டால் யாருக்கு ஆபத்து?

"ஒப்பந்தம் இல்லாமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டதே" என்று சிலர் சொல்கிறார்கள். தோழர்களே, இந்தச் சட்டம் 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ரத்து செய்துவிட்டது. நியாய வாடகை நிர்ணயிக்கக் கோரும் வழி அந்தப் பழைய சட்டத்தில் இருந்தது. இன்று வாடகை என்பது ஒப்பந்தத்தில் எழுதிய தொகை; உயர்வு என்பது ஒப்பந்தத்தில் எழுதியபடி. எழுதாதவனுக்கு எதுவும் இல்லை.

அதோடு முடியவில்லை. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறியதையே வீட்டைக் காலி செய்யவைக்கும் காரணங்களில் ஒன்றாக 21-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கக் கூடாது என்று 4-அ பிரிவு சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒப்பந்தம் போட மறுத்த ஓனரே, ஒப்பந்தம் இல்லை என்று காட்டி நம்மை வெளியேற்றக் கேட்கலாம். நாம் நீட்டும் பதியாத தாளோ செல்லாது. பதியாமல் இருப்பதால் ஓனருக்கு இழப்பு குறைவு. நமக்கு இழப்பு முழுசு. கெடு முடிந்து ஒப்பந்தம் ரத்தானபிறகும் காலி செய்யாமல் இருந்தால் இரட்டை வாடகை கட்ட நேரும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். உரிமைகளைப் போலவே நம் கடமைகளையும் தெரிந்துகொண்டுதான் களத்தில் இறங்க வேண்டும்.

ஏன் தனியாகக் கேட்கக் கூடாது?

ஒரு தோழர் மட்டும் போய் "அக்ரிமென்ட் போடுங்க, பதியணும்" என்று கேட்டால் என்ன நடக்கும்? "உனக்குச் சட்டம் பேசத் தெரியுமா? வேற வீடு பாத்துக்கோ." அந்த அறைக்கு மறுநாளே வேறு ஆள் வந்துவிடுவார். ஆட்கள் குவியும் தொழில் நகரத்தில் ஓனரின் பலம் இதுதான். பத்து வீடு உள்ள லைனில் பத்து வீடும் ஒரே நாளில், ஒரே வார்த்தையாகக் கேட்டால்? பத்துக் குடும்பத்தையும் ஒரே நாளில் யாரும் வெளியேற்றிவிட முடியாது. ஆகவே நம் அறைகூவல் இது: ஆள் ஆளாகக் கேட்காதீர்கள், லைன் லைனாகக் கேளுங்கள்.

இது நடந்த கதை, தோழர்களே. 1915-இல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் இன்றைய ஓசூரைப் போலத்தான் இருந்தது. கப்பல் தளங்களுக்கும் ஆயுத ஆலைகளுக்கும் ஆட்கள் குவிந்தார்கள். வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற பெண்மணியின் தலைமையில் பெண்கள் தெருத் தெருவாகச் சேர்ந்தார்கள். வெளியேற்ற ஆள் வந்தால் மணி அடிப்பார்கள். தெருவே திரண்டு வாசலை அடைத்துக்கொள்ளும். அந்த ஆண்டு நவம்பருக்குள் சுமார் 20,000 குடும்பங்கள் உயர்த்திய வாடகையைக் கொடுக்க மறுத்தன. வாடகை பாக்கிக்காகத் தொழிலாளர்களை நீதிமன்றத்தில் நிறுத்திய நாளில், நவம்பர் 17 அன்று, கப்பல் தளத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஊர்வலமாகப் போனார்கள். வழக்கு கைவிடப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்திச் சட்டம் போட்டது. அதே ஸ்காட்லாந்தில் 2006 முதல் வீட்டை வாடகைக்கு விடுபவர் தன்னை உள்ளாட்சியில் பதிந்துகொள்வது கட்டாயம். பதியாத உரிமையாளருக்கு வாடகை செலுத்த வேண்டியதில்லை என்று நோட்டீஸ் கொடுக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு.

நம் மண்ணிலும் வாடகைக் கட்டுப்பாடு இப்படித்தான் பிறந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941-இல், சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அதன் பின் 1946, 1949, 1960 சட்டங்கள் வந்தன. வீட்டுக்குத் தட்டுப்பாடு வரும்போது, குடியிருப்பவன் குரல் உயரும்போது, சட்டமும் நகர்ந்து வந்திருக்கிறது.

ஹாஸ்டலில் இருக்கும் தோழியருக்கு

பெண்கள் தங்கும் தனியார் விடுதிகளுக்கும் பி.ஜி.களுக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம், 2014. அதன்படி விடுதி பதிவு பெற்றிருக்க வேண்டும், உரிமம் வைத்திருக்க வேண்டும். உங்கள் விடுதியின் உரிமம் எங்கே என்று கேளுங்கள். வரவேற்பறைச் சுவரில் தொங்கவில்லை என்றால் மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதுங்கள். தனியாக எழுத வேண்டாம், அறைத் தோழியரோடு சேர்ந்து எழுதுங்கள். நிறுவனம் தன் ஊழியருக்கு வேலை ஒப்பந்தத்தின் பகுதியாகக் கொடுக்கும் தங்குமிடம் வாடகைச் சட்டத்துக்குள் வராது. அங்கே தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு, வெளியே போய்வரும் உரிமை இவற்றுக்காகப் போராட வேண்டியது தொழிற்சங்கம்.

வடக்கிலிருந்து வந்த தோழர்களுக்கு

உங்களுக்குப் பதிவு என்றாலே போலீஸ் நினைவு வரும் என்பது எங்களுக்குத் தெரியும். 2012-இல் சென்னை வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர் என்று வடமாநிலத்தவரைப் போலீஸ் சுட்டுக்கொன்ற என்கவுன்டருக்குப் பிறகு, வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொல்லி வீட்டு உரிமையாளர்களுக்கு உத்தரவு போட்டார்கள். அது உங்களைச் சந்தேகத்தோடு பார்த்து எடுத்த கணக்கு. வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு அதற்கு நேர்மாறானது. அது உங்கள் அட்வான்ஸுக்கும் உங்கள் கூரைக்கும் காவல். உள்ளூர்த் தோழர்கள் இதை இந்தியிலும் ஒடியாவிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எடுத்துச் சொல்லுங்கள். அறையில் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேரும் கூட்டத்துக்கு வர வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

ஓய்வுப் பணத்தைப் போட்டு நான்கு வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் சிறு உரிமையாளர்கள் நம் எதிரிகள் அல்லர். அவர்களில் பலர் நேற்றுவரை நம்மோடு அதே ஆலையில் நின்றவர்கள். பதிந்தால் வரி வரும் என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது. வாடகை தராத ஆளிடமிருந்து வீட்டைச் சட்டப்படி மீட்க அவர்களுக்கும் அந்த ஒப்பந்தம்தான் கைகொடுக்கும் என்பதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள். அதன்பிறகும் மறுப்பவரோடு நம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அரசிடம் நாம் கேட்பது

ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகத்தில் வாடகைப் பதிவுக்கென உதவி மேசை வேண்டும். ஷிப்டுக்குப் போகும் ஆட்கள் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையிலும் அது திறந்திருக்க வேண்டும். ஓசூர் மாநகராட்சி சொத்து வரி வாங்கும்போது வாடகைக்கு விட்ட வீட்டின் பதிவெண்ணையும் கேட்க வேண்டும். பதிய மறுக்கும் உரிமையாளர் வாடகை வசூலிக்க ஸ்காட்லாந்தைப் போலத் தடை வேண்டும். அட்வான்ஸ் உச்சவரம்பில் உள்ள "வேறு விதமாக ஒப்புக்கொண்டால்" என்ற விலக்கு நீக்கப்பட வேண்டும். 2021-இல் ஒன்றிய அரசு ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமே குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைதான் அட்வான்ஸ் என்கிறது. உரிமம் பெற்ற பெண்கள் விடுதிகளின் பட்டியலைப் பொதுவில் ஒட்ட வேண்டும். காண்ட்ராக்டர் வீடு எடுத்துத் தொழிலாளர்களைத் தங்கவைத்தால் அந்த வீட்டையும் பதிய வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை

இந்த ஞாயிறு உங்கள் லைனில் கூடுங்கள். ஒரு நோட்டில் வீட்டு எண், குடியிருப்பவர், கொடுத்த அட்வான்ஸ், மாத வாடகை, ஒப்பந்தம் உண்டா இல்லையா என்று எழுதுங்கள். அடுத்த வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகவோ போனிலோ அனுப்புங்கள். அந்தப் பதிவு சாட்சியாகும். ரொக்கம்தான் என்றால் ரசீது கேளுங்கள். லைனுக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள்; அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பத்து வீட்டுக்கும் ஒரே மாதிரி ஒப்பந்தம் தயாரித்து, எல்லோரும் சேர்ந்து ஓனரைப் பாருங்கள். ஒப்பந்தம் இரண்டு பிரதி. ஒன்று உங்கள் கையில் இருக்க வேண்டும். கையெழுத்தானதும் அன்றே விண்ணப்பியுங்கள். இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரிந்த இளைஞர்கள் பக்கத்து லைனுக்கும் போய் உட்காருங்கள்.

தண்ணீரையோ கரண்டையோ யாராவது நிறுத்தினால் பக்கத்து லைன்களுக்குத் தகவல் சொல்லுங்கள். எல்லோரும் சேர்ந்தே புகாரோடு போவோம். தொழிற்சங்கங்களே, வாயிற்கூட்டத்தில் போனஸைப் பற்றிப் பேசும் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். வாங்கும் சம்பளத்தில் பெரும்பங்கு வாடகையாகவே போகும்போது, வீட்டுப் பிரச்சினையும் சம்பளப் பிரச்சினைதான்.

பதிவெண் இல்லாத ஒரு வாடகை வீடும் ஓசூரில் இருக்கக் கூடாது. நம் லைனிலிருந்து தொடங்குவோம். லைன் லைனாகச் சேர்வோம், வீடு வீடாகப் பதிவோம். எழுந்து வாருங்கள், தோழர்களே!