வெறும் ஆர்வலர்

அஸ்வின் செய்தது ஏமாற்றா இல்லையா என்று 2019இல் ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மார்ச் 25, ஜெய்ப்பூர். பந்து போடும் முன்பே கோட்டைத் தாண்டி நின்ற ஜாஸ் பட்லரை அஸ்வின் ரன் அவுட் செய்தார். விதிப்படி அவுட்தான். ஆனாலும் கனவான்களின் ஆட்டம், ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப் என்று அவருக்கு வகுப்பெடுக்காத ஆளில்லை. 2022இல் எம்சிசி அந்த விதியை ‘முறையற்ற ஆட்டம்’ என்ற பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பகுதியில் வைத்தது. அந்தச் சண்டை முடிந்தது.

என் சண்டை வேறு. கிரீஸை ஒரு அடி தாண்டியதற்கு இவ்வளவு அறம் பேசிய நாம், நம்முடைய சொந்த கிளப் மேல் அதில் பாதிக் கோபத்தையாவது எப்போதாவது காட்டியிருக்கிறோமா? சிஎஸ்கேவைத்தான் சொல்கிறேன். மஞ்சள் சட்டைக்காரர்கள் இப்போதே பக்கத்தை மூடிவிடலாம். மூடாமல் படித்தால் சந்தோஷம்.

2013 மே 16இல் ராஜஸ்தான் அணியின் ஸ்ரீசாந்த் உட்பட மூன்று ஆட்டக்காரர்களை டெல்லி போலீஸ் கைது செய்தது. எட்டு நாள் கழித்து மும்பை போலீஸ் குருநாத் மெய்யப்பனைக் கைது செய்தது. அவர் சீனிவாசனின் மருமகன். சீனிவாசன் அப்போது பிசிசிஐ தலைவர். சிஎஸ்கேவை வைத்திருந்த இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநரும் அவரே. கைதுக்கு முன்புவரை அணியின் பெஞ்சில் உட்கார்ந்து, ஏலத்தில் அட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தவர் மருமகன். கைதான பிறகு அவர் அணியின் உரிமையாளரும் இல்லை, நிர்வாகியும் இல்லை, வெறும் கிரிக்கெட் ஆர்வலர் என்றார்கள்.

ஆர்வலர்! தமிழில் சமூக ஆர்வலர், இலக்கிய ஆர்வலர் என்று ஏற்கெனவே நிறையப் பேர் உண்டு. இவர் புது வகை.

பிசிசிஐயே போட்ட இரு நீதிபதிகள் குழு அந்த ஜூலையில், தவறு நடந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. இரண்டே நாளில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தக் குழுவே சட்டத்துக்குப் புறம்பானது என்றது. பிறகு முட்கல் குழு, பிறகு உச்ச நீதிமன்றம். 2015 ஜனவரி 22 தீர்ப்பு தெளிவானது: குருநாத் அணியின் நிர்வாகிதான், பெட்டிங்கில் ஈடுபட்டதும் உண்மைதான். சீனிவாசன் எதையும் மூடி மறைத்ததாக நிரூபணமாகவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதே தீர்ப்பு ரத்து செய்த 6.2.4 என்ற விதிதான் எனக்கு முக்கியம். போர்டு நிர்வாகிகள் போர்டின் வியாபாரத்தில் லாபம் பார்க்கக் கூடாது என்று முன்பு விதி இருந்தது. 2008இல் அதைத் திருத்தி ஐபிஎல் போன்ற போட்டிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். நான் பார்க்கிற சாஃப்ட்வேர் வேலையில் இதற்குச் சமமானது ஒன்று உண்டு. டெஸ்ட் ஃபெயில் ஆனால் கோடைச் சரிசெய்யாமல் டெஸ்ட்டையே மாற்றி எழுதுவது. எல்லாம் பச்சையாகிவிடும். விதிப்படியும் சரி.

அப்புறம் லோதா குழு, 2015 ஜூலை 14. சிஎஸ்கேவுக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டு வருடத் தடை, குருநாத்துக்கு ஆயுள் தடை. ஸ்ரீசாந்துக்கு அதே ஆயுள் தடையைப் போட (பின்னால் அது ஏழு வருடமாகக் குறைந்தது) பிசிசிஐக்கு நான்கு மாதம் போதுமாயிருந்தது. மருமகனுக்கு இரண்டு வருடமும் ஒரு உச்ச நீதிமன்றமும் தேவைப்பட்டது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2009 ஏப்ரலில் லண்டனின் ஹார்லெக்வின்ஸ் ரக்பி கிளப் லென்ஸ்டர் அணியிடம் 5-6 என்று பின்தங்கியிருந்தது. ரத்தக் காயம் பட்டவருக்கு மாற்று ஆள் இறக்கலாம் என்பது ரக்பி விதி. டாம் வில்லியம்ஸ் வேடிக்கைச் சாமான் கடையில் வாங்கிய போலி ரத்தக் குப்பியைக் கடித்துச் சிவப்பு வாயோடு வெளியேறினார். சந்தேகம் வந்ததும் டிரஸ்ஸிங் ரூமில் அவர் உதட்டை நிஜமாகவே கீறினார் டாக்டர். முதல் விசாரணையில் கிளப்புக்கு அபராதம், வில்லியம்ஸுக்கு ஒரு வருடத் தடை. பயிற்சியாளர் டீன் ரிச்சர்ட்ஸ் தப்பித்தார். வில்லியம்ஸ் அப்பீல் செய்து உண்மையைக் கக்கிய பிறகுதான் ரிச்சர்ட்ஸுக்கு மூன்று வருடம் கிடைத்தது. முதல் அடி எப்போதும் சட்டையில் நம்பர் போட்டவனுக்குத்தான்.

எங்கள் டெல்டாவில் தொழில்முறை கிளப் கிடையாது, கபடி உண்டு. சம்பா அறுவடை முடிந்தால் ஊருக்கு ஊர் போட்டி, மைக் செட், டியூப் லைட். தஞ்சாவூர் மாவட்டக்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016இல் பாட்னா அணிக்குக் கேப்டனாக புரோ கபடிக் கோப்பையை வாங்கியது இப்படிப்பட்ட மண்ணிலிருந்து போய்த்தான். இங்கே யோக்கியம் வழிந்தோடுகிறது என்று கதை விடமாட்டேன். 60 கிலோ பிரிவில் நிற்க ரெண்டு நாள் தண்ணி குடிக்காமக் கெடப்பான். வெளியூர் ஆளை உள்ளூர்ப் பேரில் இறக்குவார்கள். விரல் பட்டது தெரிந்தே “படலண்ணே” என்று கோர்ட்டுக்குள் நிற்பான். ஆனால் ஆள் மாறாட்டம் மாட்டிக்கிட்டா முதல் கேள்வி “எந்த ஊரு டீம்டா இது?” என்பதுதான். மைக்கில் ஊர்ப் பேரைச் சொல்லி மொத்த டீமையும் வெளியே அனுப்புவார்கள். கட்டின நுழைவுக் கட்டணம் போச்சு. ஆடியவனை விட, அவனைக் கூட்டி வந்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். அவன் தன்னைக் கபடி ஆர்வலர் என்று சொன்னால் பந்தலே சிரிக்கும்.

நாம் சிரிக்கவில்லை. 2018இல் தடை முடிந்து சிஎஸ்கே திரும்பியபோது, ஏதோ அநியாயமாகச் சிறைக்குப் போனவன் வீடு வந்த மாதிரி ஆரத்தி எடுத்தோம். அதே பிப்ரவரியில்தான் காவிரித் தீர்ப்பு வந்து தமிழ்நாட்டின் பங்கு 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆனது. ஆறு வாரத்தில் அமைக்கச் சொன்ன ஏற்பாட்டை மத்திய அரசு அமைக்கவில்லை. ஏப்ரல் 10 ஆட்டத்தன்று சேப்பாக்கத்தைச் சுற்றிப் போராட்டம், மைதானத்துக்குள் செருப்பு (அதை நான் ஆதரிக்கவில்லை). மீதி ஹோம் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயிலில் போய் விசிலடித்தார்கள். அப்போது டெல்டாக்காரர்களாகிய எங்களுக்குக் கிடைத்த அறிவுரை: “விளையாட்டுல அரசியலைக் கலக்காதீங்க ப்ரோ.” போர்டின் விதியைத் திருத்தி டீம் வைத்திருந்தது அரசியல் இல்லை; தண்ணி கேட்டது அரசியல்.

“தோனி என்ன பண்ணுவார், பசங்க ஆடினாங்க, ஜெயிச்சாங்க” என்பார்கள். சரி, ஆட்டக்காரர்கள் மேல் பழி போட வேண்டாம் என்பதைத்தான் நானும் இத்தனை நேரம் சொல்கிறேன். ஆனால் கோப்பையும் சட்டையும் பசங்களுடையது, பெட்டிங் மட்டும் யாரோ ஒரு ஆர்வலருடையது என்று பிரித்து வைத்துக்கொண்டால், சிஎஸ்கே என்கிற பெயருக்கு என்னதான் அர்த்தம்?

முட்கல் குழு 13 பெயர்களை மூடிய உறையில் உச்ச நீதிமன்றத்திடம் கொடுத்தது. அதில் நிர்வாகத் தரப்புப் பெயர்கள் 2014 நவம்பரில் வெளியே வந்தன. ஆட்டக்காரர்கள் யார் என்பதை நீதிமன்றம் வெளியிடவே இல்லை. எந்த அணி, எந்த ஆட்டம், ஒன்றும் தெரியாது. பட்லர் எத்தனை அங்குலம் வெளியே நின்றார் என்பதை மட்டும் ஸ்லோமோஷனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறோம்.